கிணற்று மேட்டில் ஆயில் மாற்றிய கதை

போன தை மாதம் ஊருக்குப் போனபோது பையில் ஒரு சின்ன மோட்டார் பம்பையும் எடுத்துப் போனேன். ஒரு சொம்பு உயரம்தான் இருக்கும். கார் பேட்டரியின் 12 வோல்ட்டில் ஓடும். ஒரு பக்கம் உறிஞ்சும் குழாய், மறுபக்கம் வெளியேற்றும் குழாய், சிவப்பும் கருப்புமாய் இரண்டு கிளிப். அவ்வளவுதான் சரக்கு. எஞ்சினில் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவிவிட்டு, அந்தத் துளைக்குள் மெல்லிய குழாயை அடி தட்டும்வரை விட்டால், பழைய ஆயிலை மேலிருந்தே உறிஞ்சி கேனில் விட்டுவிடும். காருக்கு அடியில் சாக்கு விரித்துப் படுக்க வேண்டாம், ஜாக்கி வேண்டாம்.

அப்பாவுக்காக வாங்கியது. வயது எழுபத்து நாலு, இரண்டு முட்டியும் போய்விட்டது. ஆனாலும் பழைய மாருதி 800-க்கும் கிணற்றடி ஆயில் எஞ்சினுக்கும் ஆயில் மாற்றுவதை யாரிடமும் விடமாட்டார். ஒரே ஒருமுறை விட்டோம். நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில், ட்ரெயின் போல்ட்டைக் கோணலாக ஏற்றி மரையைக் கெடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை வாசலில் வட்டமாகக் கருப்பு. அதோடு சரி.

பம்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அப்பா சொன்னார்: "என்னடா இது, கிணத்து மோட்டாரு குட்டி போட்ட மாதிரி இருக்கு."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. எங்கள் பக்கத்தில் இயந்திரம் என்று ஒன்று வந்ததே கிணற்றுத் தண்ணீரை மேலே ஏற்றுவதற்காகத்தான். அந்த இயந்திரத்துக்கு எண்ணெய் வார்க்கப் பழகிய பிறகுதான் லாரி, டிராக்டர், கார் எல்லாம். அப்படியானால், வார்த்த எண்ணெயைத் திரும்ப எடுக்க எப்போது பழகினோம்? அதைத் தேடியபோது கிடைத்ததைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பாடாலூர், திருச்சியிலிருந்து சென்னை போகிற நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்கு முன்னால் வரும் ஊர். சாலைக்கு முன்பு 45 என்று எண், இப்போது 38. 1995 வரை திருச்சி மாவட்டம், அதன்பின் பெரம்பலூர் மாவட்டம். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். காவிரி பக்கத்தில்தான் ஓடுகிறது, ஆனால் வாய்க்கால் தண்ணீர் எங்களுக்கு எட்டாது. ஏரி நிறைந்தால் உண்டு, இல்லையென்றால் கிணறுதான். மண்ணுக்குக் கீழே கெட்டிப் பாறை. கல் குவாரிகளைப் பார்த்தாலே தெரியும். பாறையை உடைத்து இறக்கிய கிணறுகளில் தண்ணீர், வெடிப்புகள் வழியாகத்தான் ஊறி வரும். இந்த வெடிப்பு விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

எஞ்சினுக்கு முன்னால் கவலை. இரண்டு மாடு சரிவில் இறங்க, தோல் தும்பி வைத்த சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டும். கவலை உருளைக்கும் கட்டை வண்டி அச்சுக்கும் போடுகிற மசகுக்கு வண்டி மை என்று பெயர். வைக்கோலைக் கருக்கி, அந்தக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியில் தொங்கவிட்டிருப்பார்கள். விளக்கெண்ணெய்க்கு ஆமணக்கை வெளியில் தேடவேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் பருத்திக் கொல்லையின் வரப்போரம் ஆமணக்கு நிற்பது சாதாரணம். அந்த மை அச்சில் தேய்ந்து, வெயிலில் உருகி, வழியெல்லாம் சொட்டித் தீரும். தீர்ந்தால் மறுபடி போடுவார்கள். 'பழைய மை' என்று ஒன்றை எடுத்து வைக்கும் பேச்சே இல்லை. சொட்டியது மண்ணில் மக்கிப் போனது.

விளக்கெண்ணெயைக் கிராமத்துச் சமாசாரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. லண்டனில் சார்லஸ் வேக்ஃபீல்டு 1899-ல் தொடங்கிய கம்பெனி, 1909-ல் மோட்டார் எஞ்சின்களுக்கு ஓர் ஆயிலை விற்க ஆரம்பித்தது. அதில் ஆமணக்கு எண்ணெய் சேர்த்திருந்ததால் 'காஸ்ட்ரால்' என்று பெயர் வைத்தார்கள். ஆமணக்குக்கு ஆங்கிலத்தில் காஸ்டர். முதல் உலகப் போரில் ஓடிய சுழல் எஞ்சின் விமானங்களுக்கும் மசகு விளக்கெண்ணெய்தான், அது பெட்ரோலில் சுலபமாகக் கரையாது என்பதால். அந்த எஞ்சின்களில் ஊற்றிய எண்ணெய் திரும்பி வராது. புகையோடும் துளியோடும் வெளியே போய் விமானியின் முகத்தில் அடிக்கும். அதைச் சுவாசித்தும் விழுங்கியும் விமானிகளுக்கு வயிறு போனது என்பது பிரபலமான கதை. போர் முடிகிற வருஷம் அமெரிக்கா, இந்தியாவிலிருந்து ஆமணக்கு விதையைக் கப்பலில் இறக்கி ஃப்ளோரிடாவில் விதைக்கிற அளவுக்குத் தட்டுப்பாடு. எங்கள் வரப்போரச் செடிக்கு அப்படி ஒரு காலம் இருந்தது.

சென்னை மாகாணத்தில் கிணற்றுக்கு எஞ்சின் என்ற யோசனையைப் பிடிவாதமாகத் தள்ளிக்கொண்டு போனவர் ஆல்ஃப்ரட் சாட்டர்டன். சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியராக வந்தவர். அலுமினியப் பாத்திரம், குரோம் தோல் பதனிடுதல் என்று பலதையும் தொட்டவர். 1900-களின் தொடக்கத்தில் ஆயில் எஞ்சினையும் சென்ட்ரிஃப்யூகல் பம்பையும் இணைத்துக் கிணற்றுப் பாசனம் செய்து காட்டினார். அரசே தொழில் நடத்துவது லண்டனில் இருந்த இந்தியா மந்திரி மார்லிக்குப் பிடிக்கவில்லை. 1910-ல் அவர் போட்ட உத்தரவால் தொழில் துறை முடங்கியது, சாட்டர்டன் மைசூருக்குப் போனார். எஞ்சின்கள் போகவில்லை. பணமிருந்த மிராசுதாரர் தோட்டங்களில் டுப்பு டுப்பு என்று ஓடிக்கொண்டுதான் இருந்தன.

(ஒரு சின்ன விளக்கம். 'ஆயில் எஞ்சின்' என்ற பெயரில் இருக்கும் ஆயில், எரிக்கிற எண்ணெய். நாம் மாற்றுகிற மசகு ஆயில் அல்ல. பெட்ரோல் அல்லாமல் மண்ணெண்ணெய், கனமான எண்ணெய்களில் ஓடுகிறது என்பதற்காக வந்த பெயர். டீசல் வந்தபிறகும் நம் ஊரில் பெயர் மாறவில்லை.)

அந்தக் கால எஞ்சின்கள் பலவற்றில் மசகுக்குக் கண்ணாடிக் குப்பி ஒன்று மேலே இருக்கும். சொட்டுச் சொட்டாக பேரிங்குக்கும் சிலிண்டருக்கும் விழும். வேலை முடிந்த எண்ணெய் கீழே தட்டில் வடியும் அல்லது எரிந்து போகும். எண்ணெயை 'மாற்றுவது' என்கிற பேச்சே கிடையாது, 'விடுவது' மட்டும்தான். வண்டி மைக்கும் இதற்கும் பழக்கத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. என் எண்ணம் என்னவென்றால், பழைய ஆயிலை மண்ணில் ஊற்றும் நம் கை இந்தக் காலத்தில் பழகிய கை. அன்றைக்கு அது தப்பும் இல்லை. தப்பானது எண்ணெய் மாறியபிறகு.

எண்ணெய் எப்போது மாறியது? எஞ்சினின் அடியில் தொட்டி வைத்து, அதே எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடும் முறை வந்தபோது முதல் மாற்றம். சுற்றுகிற எண்ணெய் அழுக்காகும், அதனால் வடிகட்டி வேண்டும். 1920-களில் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் கார்களுக்கான ஆயில் ஃபில்டரைக் கொண்டுவந்தார். இரண்டாவது மாற்றம் டீசலால் வந்தது. 1930-களில் கேட்டர்பில்லர் டிராக்டர்களின் டீசல் எஞ்சின்களில் பிஸ்டன் ரிங்குகள் கரி பிடித்து ஒட்டிக்கொண்டன. சாதா மினரல் ஆயில் தாக்குப்பிடிக்கவில்லை. கரியை ஒட்டவிடாமல் தன்னோடு தூக்கிக்கொண்டு போகும் ரசாயனங்களைச் சேர்த்து ஆயில் தயாரித்தார்கள். துணிக்குச் சோப்பு மாதிரி. இன்றைய எஞ்சின் ஆயில் எல்லாமே அந்த வம்சம். ஆகவே ஆயில் கருப்பது கெட்டுப்போனதன் அடையாளம் என்று மட்டும் சொல்ல முடியாது. அது வேலை செய்கிறது என்பதற்கும் அதுதான் அடையாளம். டீசல் எஞ்சினில் புது ஆயில் ஊற்றி ஒருநாள் ஓட்டினாலே கருத்துவிடும்.

அப்படித் தூக்கிக்கொண்டு வருவதில் கரி மட்டுமா இருக்கிறது? தேய்ந்த உலோகத் தூள், அரைகுறையாக எரிந்த எரிபொருளிலிருந்து வரும் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சேர்மங்கள் எல்லாம் உண்டு. வண்டி மையில் இது எதுவும் இல்லை.

இனி எங்கள் எஞ்சினுக்கு வருகிறேன். இங்கிலாந்தில் லிஸ்டர் கம்பெனி 1929-ல் கொண்டுவந்த மெதுவாக ஓடும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின், இந்தியாவில் பல பட்டறைகளுக்கு மாதிரியாகியது. குஜராத்தின் ராஜ்கோட் அதில் பேர்போனது. இரண்டு பெரிய சக்கரம், ஹேண்டில் போட்டுச் சுற்றி ஸ்டார்ட் பண்ணுகிற ரகம். எங்கள் வீட்டுக்கு வந்ததும் அப்படி ஒரு ராஜ்கோட் எஞ்சின், 5 குதிரைத்திறன். கோயம்புத்தூர்ப் பக்கம் 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தவுடனே மோட்டாருக்கு மாறத் தொடங்கிவிட்டார்கள். எங்களுக்குக் கரண்ட் கனெக்‌ஷன் கிடைக்க எண்பதுகளும் கடந்து போனது. அதுவரை எஞ்சின்தான் சோறு.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு கோடையில் சித்தப்பா பொறுப்பில் எஞ்சின் ஓடியது. பருத்தி காய் பிடிக்கும் நேரம், விட்டு விட்டு ராத்திரியும் ஓட்டினார்கள். ஆயில் குறைந்ததையும் பார்க்கவில்லை, மாற்றவும் இல்லை. ஒருநாள் சத்தம் மாறியது. பிறகு பிடித்துக்கொண்டது. ஹேண்டிலில் இரண்டு ஆள் தொங்கியும் சக்கரம் அசையவில்லை. பேரிங்கும் கிராங்கும் திருச்சிக்குப் போய் வருவதற்குள் பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளில் காய் எல்லாம் சுருங்கி உதிர்ந்தது. சித்தப்பா அதற்கப்புறம் அந்தக் கொட்டகைப் பக்கமே போகமாட்டார். இப்போது அவர் இல்லை. அந்த வருஷம் கட்ட முடியாத கூட்டுறவுக் கடனைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. நானும் இதுவரை எழுதியதில்லை.

அப்பா அதிலிருந்து ஒரு கணக்கு வைத்தார். எஞ்சின் ஓடிய ஒவ்வொரு நாளுக்கும் கொட்டகைச் சுவரில் கரியால் ஒரு கோடு. முப்பது கோடு ஆனால் ஆயில் மாற்றவேண்டும். ஒரு நாள் தவறியதில்லை. இன்னிக்கும் அந்தச் சுவரில் கோடுகள் இருக்கின்றன, சுண்ணாம்பு அடிக்க விடமாட்டார்.

ஆனால் மாற்றிய ஆயில்? எஞ்சினைக் காங்கிரீட் திட்டில் போல்ட் போட்டு இறக்கியிருந்தார்கள். ஆயில் திறந்துவிடும் திருகுக்குக் கீழே ஒரு சட்டி வைக்கக்கூட இடம் இல்லை. அதனால் திட்டிலேயே ஒரு விரற்கடை அகலத்துக்கு வாய்க்கால் வெட்டி, கொட்டகைக்கு வெளியே ஒரு குழியில் விட்டார்கள். குழியில் சேர்ந்ததில் கொஞ்சத்தைக் கதவு நிலைக்கும் வேலிக் காலுக்கும் கரையான் வராமல் பூசுவார்கள். மிச்சம் மண்ணுக்கு. குழிக்கும் கிணற்றுக்கும் இடையே பத்தடி.

தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலம். கிணறு மேலே ஏறி வந்தபோது, தண்ணீர் மேல் மயில் கழுத்து நிறத்தில் ஒரு ஏடு மிதந்தது. மேற்குப் பக்கப் பாறை வெடிப்பிலிருந்து வந்துகொண்டிருந்தது. குழி இருந்த பக்கம். பல வருஷமாக மண்ணில் இறங்கியது, பாறையைத் தொட்டு, வெடிப்பைக் கண்டுபிடித்துக் கிணற்றுக்கே வந்திருந்தது. மாடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பியது. நாங்கள் ரொம்ப நாள் குடிதண்ணீருக்கு அடுத்தவர் கிணற்றுக்கு நடந்தோம். ஒருமுறை ஆயில் மாற்றினால் வரும் கழிவு, பத்து லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கப் போதும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சொல்வதைப் பின்னாளில் படித்தபோது எனக்கு அது மிகையாகத் தோன்றவில்லை.

எஞ்சினைக் காப்பாற்றிய அதே ஒழுங்குதான் கிணற்றைக் கெடுத்தது. அப்பாவை இதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திருகுக்கு அடியில் இடம் இருந்திருந்தால் அவர் சட்டி வைத்திருப்பார்.

இந்த 'அடியில் இடம் இல்லை' என்பதுதான் உறிஞ்சும் பம்பின் பிறப்பு ரகசியமும். படகில் எஞ்சின் அடித்தளத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கும். திருகைத் திறந்தால் ஆயில் படகுக்குள்ளேதான் விழும். அதனால் படகு எஞ்சின்களில் ஆயிலை மேலே இழுக்கப் பித்தளைக் கைப்பம்பு வைத்தார்கள். 1952-ல் கேரளத்தில் தொடங்கிய இந்திய நார்வே மீன்வளத் திட்டத்துக்குப் பிறகு நம் கரைகளிலும் எஞ்சின் படகுகள் பெருகின. கடற்கரைக்காரர்களுக்கு இந்த வேலை புதிதில்லை. கைப்பம்பு இருந்த இடத்தில் பின்னாளில் சின்ன மின்பம்பு வந்தது. கரையிலும் ஏறியது. 1998-ல் ஐரோப்பாவில் வந்த ஸ்மார்ட் என்ற குட்டிக் காரில் ட்ரெயின் போல்ட்டே வைக்கவில்லை, மேலிருந்து உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். கிணற்றுத் திட்டில் இறக்கிய எங்கள் எஞ்சினுக்கும் படகுக்கும் இந்த விஷயத்தில் பேதமில்லை. எங்களுக்குத்தான் அந்தப் பம்பு வந்து சேர இவ்வளவு காலம்.

சரி, செய்து பார்த்த விதம். மாருதிக்கு முதலில். எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓட்டி நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டோம். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால்தான் இந்தச் சின்ன மோட்டாரால் இழுக்க முடியும். ஆறிப்போனால் பாகு மாதிரி நின்று மோட்டாரைச் சூடாக்கிவிடும். கொதிக்கிற ஆயிலும் கூடாது, பிளாஸ்டிக் குழாய் இளகும். சிவப்பு கிளிப் பாசிட்டிவ், கருப்பு நெகட்டிவ். மாற்றிப் போட்டால் சில பம்புகள் திருப்பிச் சுற்றி ஊத ஆரம்பிக்கும். 'விர்ர்' என்று சத்தம் வந்து, குழாயில் கருப்பு ஏறுவதைப் பார்க்க அப்பா குனிந்து உட்கார்ந்தார். முட்டி வலி மறந்துபோயிருந்தது.

"ஏறுது பாரு, ஏறுது பாரு!"

கவலை இறைத்த ஆளின் குரல் அது. ஐந்தாறு நிமிஷத்தில் உறிஞ்சும் சத்தம் மாறி, காற்றும் குமிழியுமாக வந்தது. உடனே அணைத்துவிட வேண்டும். எண்ணெய் இல்லாமல் சும்மா ஓடினால் உள்ளே இருக்கும் பல்சக்கரம் தேயும். கேனில் அளவு பார்த்தோம். மூன்று லிட்டரை ஒட்டி வரவேண்டிய இடத்தில் சற்றுக் குறைவு. அப்பாவுக்குச் சந்தேகம். "அடியில நிக்கும்டா." வம்படியாக என்னை அடியில் படுக்க வைத்து போல்ட்டையும் திறக்கச் சொன்னார். ஒரு டம்ளர் அளவுக்கு வந்தது, அதன் அடியில் மணல்போல மினுமினுப்பு. அவர் சொன்னது சரி. கனமான தூளும் கசடும் குழாய்க்கு எட்டாமல் அடியில் தங்குகின்றன. ஆகவே எங்கள் ஏற்பாடு: இரண்டு முறை பம்பு, மூன்றாவது முறை போல்ட். பம்பு இருந்தால் போல்ட்டே வேண்டாம் என்று விற்கிறவர்கள் சொல்வதை நான் நம்பவில்லை. ஃபில்டரை எப்படியும் கையால்தான் கழற்ற வேண்டும். இன்னொன்று, இந்தப் பம்பால் பெட்ரோல் இழுக்கக் கூடாது. மோட்டாரில் பொறி பறக்கும், ஆவி பற்றிக்கொள்ளும்.

மறுநாள் கிணற்றடி எஞ்சின். கரண்ட் மோட்டார் வந்தபிறகும், தடைபடும் நாளுக்கு என்று அதை வைத்திருக்கிறார். டிராக்டர் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுபோய் வைத்தோம். முதல் முறையாக அந்த எஞ்சினின் ஆயில் கீழே இறங்காமல் மேலே வந்தது. திட்டில் வெட்டிய வாய்க்கால் காய்ந்து கிடந்தது. குழியை எப்போதோ மூடி, மேலே ஒரு ஆமணக்குச் செடி தானாக முளைத்திருக்கிறது. அது தற்செயல்தான், வேறு அர்த்தம் ஒன்றும் கற்பிக்கவில்லை.

கேனை என்ன செய்வது? பழைய ஆயில் அபாயக் கழிவுப் பட்டியலில் இருக்கிறது. 1989-லிருந்தே அபாயக் கழிவுகளுக்குச் சட்ட விதி உண்டு, 2016-ல் புதிதாக எழுதினார்கள். 2024 ஏப்ரல் முதல், ஆயில் தயாரித்து விற்கிற கம்பெனிகளே பழைய ஆயிலைச் சுத்திகரிக்கும் பொறுப்பையும் ஏற்கவேண்டும் என்று விதி வந்திருக்கிறது. சுத்திகரித்தால் மறுபடி மசகு ஆயிலே ஆக்கலாம், எண்ணெய் தேய்வதில்லை, அழுக்காகிறது, சேர்த்த ரசாயனங்கள்தான் தீர்ந்துபோகின்றன. காகிதத்தில் நன்றாக இருக்கிறது. கிராமத்தில் கேனோடு நிற்கிறவன் யாரிடம் போவது என்பதுதான் கேள்வி. நான் விசாரித்தவரை, பெரிய சர்வீஸ் சென்டர்களில் பீப்பாயில் சேர்த்து அனுமதி பெற்ற சுத்திகரிப்பாளருக்குக் கொடுக்கிறார்கள். பெரம்பலூரில் ஒருவர் நம் கேனையும் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். தண்ணீரோ, டீசலோ கலக்காமல் மூடி கொண்டுவரச் சொன்னார். சாலையோரக் கடைகளில் லிட்டருக்கு இவ்வளவு என்று காசே கொடுப்பார்கள், ஆனால் அது எந்த அடுப்பில் எரியப்போகிறது என்று கேட்டால் பதில் வராது.

அப்பா இரண்டு கேன்களையும் கொட்டகை மூலையில் வைத்து, மூடியை இறுக்கி, கரியால் தேதி எழுதினார். அடுத்த முறை பெரம்பலூர் போகும்போது கொண்டுபோக வேண்டும். கொடுப்பதற்கு முன்னால் ஒரு சின்ன பாட்டிலில் கால் லிட்டர் தனியாக ஊற்றி வைத்துக்கொண்டார்.

"அது எதுக்குப்பா?"

"கேட்டுக் கீலுக்குடா. எல்லாத்தையும் குடுத்துட்டா எப்படி?"

அந்தக் கீலுக்கு விளக்கெண்ணெய் போடச் சொல்லி, போன வாரம் கூடப் போனில் சொன்னேன். பார்க்கலாம் என்றார்.